குப்பைத் தேதிகளோடு தெரு சுற்றிய குடிவரவுக் கடிதம்

அனுப்புநர்
ஒனோதெரா மசனோரி, வயது 57,
உரிமையாளர், ஒனோதெரா சலவையகம்,
(குடியிருப்போர் சங்கத்தின் இவ்வாண்டுப் பிரிவுப் பொறுப்பாளர்)
கமினுமா, மூன்றாம் பிரிவு,
நீகத்தா மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு தலைவர் அவர்கள்,
மண்டலக் குடிவரவு அலுவலகம்.

பொருள்: உயர்திறன் வல்லுநர் விசாவில் உள்ள செல்வி ரெத்னோ பாலுபியின் நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது – தவறு விண்ணப்பதாரருடையது அன்று, அவருக்கு உத்தரவாதம் அளித்தவருடையது – மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கூடுதல் ஆவணம் கோரிய தங்கள் டிசம்பர் மாதக் கடிதம். 2. பிப்ரவரி 5ஆம் தேதியிட்ட தங்கள் நிராகரிப்பு ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலில் வெட்கக்கேடான ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பார்வை ஒன்றில் கண்ட தங்கள் கடிதத்தை, புத்தாண்டை ஒட்டிக் குப்பை எடுக்காத நாட்கள் எவை என்ற அறிவிப்போடு சேர்த்துக் கிளிப் போட்டு, பத்தொன்பது நாட்கள் எங்கள் தெருவைச் சுற்றவிட்டவன் நான்தான். தங்கள் அலுவலகத்தின் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. புகார் மனு என்றால் யார் மீதாவது புகார் இருக்க வேண்டும் என்பதால், இதை என் மீதே நான் கொடுக்கும் புகாராகத் தாங்கள் பதிவு செய்துகொள்ளலாம்.

2. நான் கமினுமாவில் இருபத்தேழு ஆண்டுகளாகச் சலவைக்கடை நடத்துகிறேன். செல்வி ரெத்னோவின் விண்ணப்பத்தில் உத்தரவாதம் அளித்தவர் என்ற இடத்தில் இருப்பது என் பெயர். அவர் சட்டத்தை மதித்து நடப்பார், கடமைகளைத் தவறாமல் செய்வார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் அப்படியே நடந்துகொண்டார். உத்தரவாதம் கொடுப்பவர் எப்படி நடந்துகொள்வார் என்று யாரிடமும் எழுதி வாங்கும் வழக்கம் இல்லாததால் இந்த மனு எழுத நேர்ந்தது.

3. செல்வி ரெத்னோ இந்தோனேசியாவின் செமராங் நகரத்தைச் சேர்ந்தவர். மலைச்சரிவில் மண் நகர்வதை முன்கூட்டியே காட்டும் கருவிகளை வடிவமைக்கும் பொறியாளர். நான்கு ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலைக்கு வந்தார். வந்த புதிதில், வெளிநாட்டவருக்குக் குப்பை பிரிக்கத் தெரியாது என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசியவனும் நான்தான். அடுத்த வாரம் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி வைக்கப்பட்ட ஒரே மூட்டை என்னுடையது. எரிக்க அனுப்பும் குப்பையில் துணி மாட்டும் கம்பி. அதைப் பிரித்தெடுத்து, கம்பிகளைத் தனியாகக் கட்டி, யாருக்கும் தெரியாமல் என் கடை வாசலில் வைத்துவிட்டுப் போனவர் அவர். எனக்கு எப்படித் தெரியும் என்று தாங்கள் கேட்கக்கூடும். எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாமல் நடப்பதையெல்லாம் என் மனைவி சிசுகோ பார்த்துவிடுவாள்.

4. முந்தைய கோடையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் பிற்பகல் செல்வி ரெத்னோ தன் கருவியின் அளவைப் பார்த்துவிட்டு, மலையடியில் தனியாக வசிக்கும் திருமதி ஹிராபயாஷி சுமியே அவர்களின் வீட்டுக்கு ஓடினார். ஹிராபயாஷி அம்மையாருக்கு எண்பத்தொரு வயது. நகராட்சியின் எச்சரிக்கை இன்னும் வரவில்லை என்று சொல்லிக் கிளம்ப மறுத்தார். செல்வி ரெத்னோ வாதாடவில்லை. சோறு வெந்துகொண்டிருந்த மின்சாரப் பாத்திரத்தை மின்கம்பியோடு பிடுங்கிக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்தார். “அடியே, என் சோறு” என்று சத்தம் போட்டபடி அம்மையார் பின்னால் வந்தார். சங்கக் கட்டடம் வந்து சேர்ந்து இருபது நிமிடத்தில் அவர் வீட்டுச் சமையலறையில் முழங்கால் உயரத்துக்கு மண் இறங்கியது. அன்று அந்தச் சோற்றை ஒன்பது பேர் பகிர்ந்து சாப்பிட்டோம். கொஞ்சம் குழைந்திருந்தது. அதையும் அம்மையார் செல்வி ரெத்னோவின் தவறாகவே இன்றுவரை சொல்லி வருகிறார்.

5. உயர்திறன் வல்லுநருக்கான மதிப்பெண் முறை தாங்கள் அறியாததன்று. எண்பது மதிப்பெண் இருந்தால் ஓராண்டில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்து எழுபது வரை இருந்தால் மூன்றாண்டு. செல்வி ரெத்னோ சாதாரண வேலை விசாவிலிருந்து இந்த விசாவுக்கு மாறி ஓராண்டுதான் ஆகியிருந்தது; அவருக்குச் சரியாக எண்பது. விண்ணப்பத்தை என் கடை மேசையில் வைத்துத்தான் நிரப்பினோம். அப்போது ஆவல் மிகுதியால் நானும், இரண்டாம் வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் திரு. குராமோச்சி தத்சுவோ அவர்களும் எங்கள் மதிப்பெண்களையும் போட்டுப் பார்த்தோம். நாற்பது வயதைத் தாண்டியதால் வயதுக்குப் பூஜ்யம். பட்டத்துக்குப் பூஜ்யம். ஜப்பானிய மொழியில் தேர்ச்சி பெற்றதற்குச் சான்றிதழ் இல்லாததால் அதற்கும் பூஜ்யம். குராமோச்சி விடவில்லை. “முப்பத்துநாலு வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன், அனுபவத்துக்கு இருபது போடும்மா” என்றார். செல்வி ரெத்னோ வருத்தத்தோடு, “இது ஆராய்ச்சி அனுபவத்துக்குங்க ஐயா” என்றார். “அந்த மலைப்பாதையில பனியில ஓட்டிப் பாரு, ஒவ்வொரு நாளும் ஆராய்ச்சிதான்” என்று அவர் முறைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் சேர்ந்தும் இந்த நாட்டில் வசிக்கத் தகுதி பெறவில்லை. எங்களைத் திருப்பி அனுப்ப வேறு இடம் இல்லை என்பதால் இருந்து வருகிறோம்.

6. அவசரத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். செல்வி ரெத்னோவின் விசா அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தோடு பிணைக்கப்பட்டது. அந்த ஆய்வுக்கூடம் வரும் ஜூன் மாத இறுதியில் தெற்கே, கடலோர நகரம் ஒன்றுக்கு இடம் மாறுகிறது. எங்கள் ஊரில் நிலம் அளக்கும் சிறு நிறுவனம் ஒன்று இருக்கிறது. மொத்தம் நான்கு பேர். அவர்கள் அவரை வேலைக்கு எடுக்கத் தயார். அவருக்கும் இந்த மலையை விட்டுப் போக மனமில்லை. ஆனால் அந்தச் சிறு நிறுவனத்தின் சம்பளத்தில் அவர் மதிப்பெண் இறங்கிவிடும், இந்த விசா கிடைக்காது. நிரந்தரக் குடியிருப்பு கிடைத்தால் யாரிடம் வேலை பார்ப்பது என்பதை அவரே தீர்மானிக்கலாம். கிடைக்காவிட்டால் கம்பெனி போகும் இடத்துக்கு அவரும் போக வேண்டும்.

7. இனி என் குற்றத்துக்கு வருகிறேன். டிசம்பர் 10, செவ்வாய்க்கிழமை. தங்கள் கடிதம் தவறுதலாக என் கடைப் பெட்டியில் விழுந்திருந்தது. அவர் வீட்டு எண்ணுக்கும் என் வீட்டு எண்ணுக்கும் ஓர் இலக்கம்தான் வேறுபாடு. அவர் வீடு என் கடையிலிருந்து நாற்பது அடி. மழையும் பனியுமாகக் கலந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஆண்டு முடிவு என்பதால் ஊரிலுள்ள கோட்டுகள் அனைத்தும் என் கடையில் தொங்கின. சங்கத்தின் சுற்றறிக்கைப் பலகை அன்று மாலை என் வீட்டிலிருந்து கிளம்பவேண்டிய முறை. அறிவிப்புகளைக் கிளிப் போட்டு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பது, படித்ததற்கு அடையாளமாக ஒவ்வொரு வீட்டாரும் முத்திரை வைப்பது என்ற இந்த வழக்கம் தாங்கள் குடியிருக்கும் தெருவிலும் இருக்கும். என் வீடு முதலாவது, குராமோச்சி வீடு இரண்டாவது, செல்வி ரெத்னோ வீடு மூன்றாவது. எப்படியும் பலகை அங்கே போகத்தானே போகிறது, கடிதமும் அதிலேயே போகட்டும் என்று நினைத்தேன். மறுநாள் மாலைக்குள் அவர் கையில் இருக்கும் என்பது என் கணக்கு. கணக்கு ஒன்றும் பிசகவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

8. பிசகியது என் நாகரிகத்தால். உறையின் முகப்பில் குடிவரவு அலுவலகம் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. அதைக் குராமோச்சி பார்த்தால் விடிவதற்குள் ஊருக்கே தெரியும். பொதுவாக அந்த வேலையைச் செய்வது என் கடை என்பதை மறுக்கவில்லை. அன்று ஒரு நாளாவது அடுத்தவர் விஷயத்தைக் கட்டிக் காப்போம் என்று, முகவரி தெரியாதபடி உறையைக் குப்புறக் கவிழ்த்துக் கிளிப் போட்டேன். முத்திரை வைக்கும் கட்டம் போட்ட தாள் தீர்ந்துபோயிருந்தது. புதிதாக அச்சிட மறந்துவிட்டேன். கவிழ்ந்த உறை வெள்ளை வெளேரென்று மேலே இருந்தது. இருபத்தேழு வருடப் பழக்கம், ஐயா. என் கை தானாகப் போய் அதன் இடது மேல் மூலையில் என் முத்திரையை வைத்துவிட்டது. ஒரு முத்திரை இருக்கும் இடத்தில் அடுத்தவர் முத்திரை வைக்காமல் இருந்ததாக எங்கள் தெருவில் வரலாறு இல்லை.

9. பலகை பதினொரு வீடுகளுக்கும் போய் டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை என் வாசலுக்குத் திரும்பி வந்தது. விசாரித்த வகையில், குராமோச்சி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே முத்திரை வைத்துக் கொடுத்திருக்கிறார். “எழுத்தே இல்லாத நோட்டீசு. அதுல என்னப்பா தப்பு வந்துடப் போவுது” என்பது அவர் வாக்குமூலம். ஹிராபயாஷி அம்மையார் கால் சூடாக்கும் மேசைக்கு அடியில் ஆரஞ்சுப் பழங்களோடு ஆறு நாட்கள் வைத்திருந்தார். “குப்பை வண்டி எப்ப வராதுன்னு மட்டும் பார்த்தேன். மத்தபடி என்ன இருக்கும், தீயணைக்கச் சொல்லுவான், திருடன் வருவான்னு சொல்லுவான்” என்றார். இந்த இருவரைத் தவிர மற்றவர்கள், தாங்கள் படித்ததாகத்தான் சொல்கிறார்கள். என்ன படித்தீர்கள் என்று நான் கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை.

10. உறையைத் திருப்பிப் பார்த்த என் மனைவி இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். எங்கள் திருமண வாழ்க்கையில் அது மூன்றாவது முறை. பிறகு, “ஏங்க, நாப்பது அடி நடக்க முடியாத மனுஷன், ஒரு பொண்ணு ஆயுசுக்கும் இந்த நாட்டுல ஒழுங்கா இருப்பான்னு உத்தரவாதம் எழுதிக் கொடுத்தீங்களாக்கும்” என்றாள். அன்று அந்த நாற்பது அடியை நான் நடந்தேன். செல்வி ரெத்னோ புத்தாண்டுக்கு முன் செய்யும் வீட்டுச் சுத்தத்தில் இருந்தார். எங்கள் வீட்டில் அதை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. கடிதத்தைப் பிரித்துப் படித்தார். செமராங்கில் ஐந்தாண்டு வேலை பார்த்ததற்கான சான்று ஒன்று வேண்டும், டிசம்பர் 26ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்றிருந்தது. ஒரே ஒரு தாள். அது அவர் மேசை இழுப்பறையில் மொழிபெயர்ப்போடு தயாராக இருந்தது. எடுத்துக் காட்டினார்.

11. நான் தரையில் தலை பட மன்னிப்புக் கேட்டேன். அவர் உறையின் பின்புறத்தைப் பார்த்தபடி இருந்தார். முகம் சிவந்துபோயிருந்தது. கோபம் என்று நினைத்தேன், நியாயமான கோபம். ஆனால் அவர் சொன்னது, “விடுங்க ஒனோதெரா-சான். இதுல யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது. எந்திரிங்க, தரை ஈரமா இருக்கு” என்பதுதான். தேநீரும் கொடுத்தார். 

12. விடுமுறை முடிந்து தங்கள் அலுவலகம் திறந்த ஜனவரி 6, திங்கட்கிழமை காலை, முதல் ரயிலில் நானும் அவரும் வந்து அந்தச் சான்றை நேரில் கொடுத்தோம். பெற்றுக்கொண்ட ஊழியர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். “வாங்கி வெச்சுக்கறோம். தேதி தாண்டினதால எதுவும் உறுதி சொல்ல முடியாது” என்றார். தாமதத்துக்கான காரணத்தை நான் விளக்கத் தொடங்கினேன். உறையின் பின்புறத்தைப் பார்த்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்க தெருவுலயும் இதேதாங்க. நான் ஒரு நாளும் படிச்சதில்ல” என்றார். அவருக்குத் தொந்தரவு வரக்கூடாது என்பதால் அவர் பெயரைச் சொல்லமாட்டேன். ஏழாம் எண் சாளரம் என்பதையும் சொல்லமாட்டேன்.

13. ஜனவரி 19ஆம் தேதி செல்வி ரெத்னோவுக்கு முப்பத்தைந்து வயது நிறைந்தது. வயதுக்கான பத்து மதிப்பெண் ஐந்தாகிவிட்டது. பிப்ரவரி 5ஆம் தேதியிட்ட தங்கள் ஆணை வந்தது. செமராங் அனுபவம் உரிய காலத்தில் நிரூபிக்கப்படாததால் எண்பது மதிப்பெண் எட்டவில்லை என்று அதில் கண்டிருந்தது. புதிதாக விண்ணப்பிக்கலாமே என்று தாங்கள் கருதலாம். இன்று விண்ணப்பித்தால் அவருக்கு எழுபத்தைந்துதான். இந்த விசாவுக்கு மாறிய நாளிலிருந்து எண்ணும் மூன்றாண்டு விதிக்குள் போய்விடுவார். அதற்குள் ஜூன் வந்துவிடும். பிறந்தநாளன்று என் மனைவி அவருக்கு, நல்ல நாளுக்கென்று செய்யும் சிவப்புப் பயறுச் சோறு செய்து எடுத்துக்கொண்டு போனாள். ஒரு பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்ல இவ்வளவு கூச்சப்பட்டது இதுதான் முதல் தடவை என்று திரும்பி வந்து சொன்னாள். நான் போகவில்லை.

14. சென்ற வாரம் அவர் வீட்டின் முன் அட்டைப்பெட்டிகள் மடித்து அடுக்கியிருப்பதைக் குராமோச்சி பார்த்திருக்கிறார். பழைய பெட்டிகளைக் கழிக்கிறாரா, பொருட்களைக் கட்டுவதற்கு வாங்கி வைத்திருக்கிறாரா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. நான்கு நாட்களாகத் தெருவே அதைத்தான் பேசுகிறது. பலகையில் போட்டுக் கேட்கலாமா என்று ஒருவர் கேட்டார். அவர் பெயரைக் குறித்து வைத்திருக்கிறேன்.

15. என் சுயநலத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வரும் ஏப்ரல் முதல் நாள் தொடங்கும் ஆண்டுக்கு எங்கள் பிரிவின் பொறுப்பாளராகக் குலுக்கலில் வந்திருப்பவர் செல்வி ரெத்னோ. சீட்டில் தன் பெயரைப் பார்த்ததும் அவர் மற்றவர்களைப் போல முகத்தைச் சுளிக்கவில்லை. குறிப்பேடு எடுத்து வந்து, வடிகால் சுத்தம் எந்த மாதம், பனி அள்ளும் வண்டிக்கு யாரிடம் சொல்ல வேண்டும், மழைக் காலத்தில் மலையடி வீடுகளுக்கு யார் யார் போவது என்று எழுதிக்கொண்டார். கடைசியாகச் சொன்னதை இதுவரை எந்தப் பொறுப்பாளரும் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை. அவர் போய்விட்டால் பொறுப்பு மறுபடி என்னிடம் வரும். அடுத்த மழைக்கு ஹிராபயாஷி அம்மையாரை நான்தான் கிளப்ப வேண்டியிருக்கும். அம்மையாரிடம் இதைச் சொன்னபோது, “நீ வந்தா நான் கிளம்ப மாட்டேன். அவ வந்து சோத்துப் பானையைத் தூக்கினாத்தான் கிளம்புவேன். அந்த ஆபீசருக்கு அப்படியே எழுது” என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன்.

16. எனவே ஐயா அவர்கள் அருள்கூர்ந்து,

(அ) ஜனவரி 6ஆம் தேதி நேரில் கொடுத்த சான்றை, காலத்தே வந்து சேர்ந்ததாகக் கொள்ளவும்;

(ஆ) செல்வி ரெத்னோவின் வயதையும் மதிப்பெண்ணையும் அவர் விண்ணப்பித்த நாளில் இருந்தபடியே கணக்கிட்டு, விண்ணப்பத்தை ஜூன் மாதத்துக்குள் மறுபடி பரிசீலிக்கவும்;

(இ) தாமதத்துக்கு யாராவது பொறுப்பேற்றாக வேண்டும் என்றால், இனி எவருக்கும் உத்தரவாதம் அளிக்கத் தகுதியற்றவன் என்று என் பெயரைக் குறித்துவைக்கவும்

வேண்டுகிறேன். விசாரணைக்கு அழைத்தால் எந்த நாளும் வருவேன். கடைக்கு வியாழன் விடுமுறை என்பதை வேண்டுகோளாக அல்ல, தகவலாகச் சொல்கிறேன். அவர் இந்த ஊருக்குத் தகுதியானவரா என்று தங்கள் தாள் எண்பது மதிப்பெண்ணில் கேட்கிறது. நாங்கள் நான்கு ஆண்டுகளாகப் பார்த்தவர்கள். அவர் இங்கேயே இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

இந்த மனுவைத் தபாலில் சேர்ப்பது நானல்ல, என் மனைவி.

நாள்: ரெய்வா ஏழாம் ஆண்டு (2025), பிப்ரவரி 17
இடம்: கமினுமா

தங்கள் உண்மையுள்ள,
ஒனோதெரா மசனோரி
(முத்திரை)

இணைப்புகள்:
1. செமராங் பணிச் சான்றின் நகல், மொழிபெயர்ப்புடன்.
2. மூன்றாம் பிரிவின் பதினொரு வீடுகளில் விண்ணப்பதாரர் நீங்கலாகப் பத்து வீட்டாரும் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்ட ஆதரவுக் கடிதம். (கையெழுத்திடுமுன் ஒவ்வொருவரையும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.)
3. தங்கள் அலுவலக உறை, அசல். எதையும் மறைக்காமல் அனுப்பினால்தான் தபாலில் சேர்ப்பேன் என்று என் மனைவி சொல்லிவிட்டதால், அதன் பின்புறத்தில் உள்ள முத்திரைகளை வைத்த வரிசையிலேயே குறிப்பிடுகிறேன்: முதலாவது என்னுடையது, இரண்டாவது குராமோச்சியுடையது, மூன்றாவது, டிசம்பர் 11 மாலை வைத்தது, செல்வி ரெத்னோ பாலுபியுடையது.